மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள்: பழைய மரச்சாமானின் வயதும் விலையும்

பழைய மேசையோ அலமாரியோ கண்ணில் பட்டால் நம் கை முதலில் போவது மேல்பலகைக்குத்தான். வழவழப்பைத் தடவிப் பார்ப்போம், செதுக்கலை ரசிப்போம், ‘எவ்வளவு பழசு!’ என்போம். இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் சீக்கிரம் வரமாட்டார்கள். டார்ச்சோடு தரையில் உட்கார்ந்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். இழுப்பறையை முழுசாக உருவிக் கவிழ்ப்பார்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி முதுகைப் பார்ப்பார்கள்.

முகப்பு, பிறர் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதை எவரும் எப்போது வேண்டுமானாலும் மெருகேற்றலாம், மாற்றலாம், பழசு போலக் காட்டலாம். முதுகையும் அடியையும் யார் பார்க்கப்போகிறார்கள் என்று தச்சர் விட்டுவிட்டார். அவருடைய ரம்பமும் உளியும் பதித்த தடம் அங்கே அப்படியே கிடக்கிறது. வயதைச் சொல்வது அந்தத் தடம்தான்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு சின்ன எழுதுமேசை வாங்கினேன். இருநூறு வருடப் பழசு என்று விற்றவர் அடித்துச் சொன்னார். அதன் கருத்த நிறத்தையும் கீறல்களையும் பார்த்தால் முந்நூறு என்றாலும் நம்பியிருப்பேன். வீட்டில் தளர்ந்த கீல் ஒன்றை இறுக்கப்போனபோது ஸ்க்ரூ கையோடு வந்துவிட்டது. கூரான முனை, ஒரே சீரான மரை: இயந்திரத்தில் செய்தது. மற்ற ஸ்க்ரூக்களும் அதே ரகம். கீலை மாற்றியிருந்தால் பழைய துளைகள் இருக்க வேண்டுமே, அதுவும் இல்லை. அப்புறம் இழுப்பறையைக் கவிழ்த்தேன். அடியில் பிளைவுட். சரி, 20-ஆம் நூற்றாண்டு மேசைக்கு 18-ஆம் நூற்றாண்டு விலை கொடுத்திருக்கிறோம் என்று புரிந்தது. வாங்குவதற்கு முன் அந்த இழுப்பறையைத் திருப்பிப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும்.

ஆன்டிக் என்றால் எவ்வளவு பழசு?

பொதுவாக நூறு வயதைத் தாண்டியதைத்தான் ஆன்டிக் என்கிறார்கள். இது இயற்கை விதி ஒன்றுமில்லை. சுங்கவரிக்காக வந்த கணக்கு. அமெரிக்காவில் 1930-இல் வந்த வரிச்சட்டம் 1830-க்கு முன் செய்த பொருளையே ஆன்டிக் என்று வரியில்லாமல் உள்ளே விட்டது. இயந்திரங்கள் பட்டறைக்குள் நுழைவதற்கு முந்தைய காலம் என்ற எண்ணம்தான் காரணம். பிறகு 1966-இல் அதை ‘நூறு வருடம்’ என்று மாற்றினார்கள். அந்த நூறுதான் இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. அதற்குக் குறைந்த வயது என்றால் விண்டேஜ் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குக் கறாரான எல்லை எதுவும் கிடையாது.

இதைவிட முக்கியமான குழப்பம் வேறொன்று இருக்கிறது. பாணி வேறு, காலம் வேறு. லண்டன் தச்சர் தாமஸ் சிப்பன்டேல் 1754-இல் தன் வடிவங்களை எல்லாம் படமாக அச்சிட்டுப் புத்தகமாக வெளியிட்டார். ஹெப்பிள்வொயிட் என்ற இன்னொரு தச்சரின் வடிவப் புத்தகம் அவர் இறந்த பிறகு 1788-இல் வந்தது. ஷெரட்டன் என்ற வடிவமைப்பாளருடையது 1791 முதல் பகுதி பகுதியாக வந்தது. புத்தகம் கையில் இருந்தால் எந்த ஊர்த் தச்சரும் அதைப் பார்த்துச் செய்யலாம், செய்தார்கள். நூறு வருடம் கழித்து அதே பாணிக்கு மறுபடி மவுசு வந்தபோது தொழிற்சாலைகளும் செய்து குவித்தன. ஆகவே ஒரு நாற்காலியைப் பார்த்துச் சிப்பன்டேல் என்றால் வடிவத்தைச் சொன்னதாகத்தான் அர்த்தம். அது 1760-இல் செய்ததாகவும் இருக்கலாம், 1890-இல் செய்ததாகவும் இருக்கலாம், போன வருடம் செய்ததாகவும் இருக்கலாம். வடிவத்தை வைத்து ‘இதற்கு முன்னால் இருக்க முடியாது’ என்று மட்டும் சொல்லலாம்.

ஓர் இழுப்பறையை உருவுவோம்

எனக்கு ஒரே ஓர் இடத்தைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் இழுப்பறையைத்தான் பார்ப்பேன். மரம், இணைப்பு, ஆணி, தேய்மானம், கைப்பிடி எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். டவ்டெயில் இணைப்பு என்பார்கள். கையால் அறுத்தது என்றால் பற்கள் ஒன்றுபோல இருக்காது. ஒன்று கொஞ்சம் அகலம், ஒன்று கொஞ்சம் சாய்வு. பற்களுக்கு நடுவே வரும் துண்டு சில இடங்களில் ஊசிபோல மெலிந்திருக்கும். கூடவே பக்கப்பலகையில் பற்கள் முடியும் இடத்தில் மெல்லிய கீறல் ஒன்று குறுக்கே ஓடும். எவ்வளவு ஆழம் அறுப்பது என்று தச்சர் போட்டுக்கொண்ட அடையாளக் கோடு அது. பற்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி என்று எண்ணி வைத்தது போல இருந்தால் இயந்திரம் அறுத்தது. அப்படியானால் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி, அல்லது அதற்கும் பிறகு.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு விசித்திரம் உண்டு. சில இழுப்பறைகளின் மூலையில் வாலுக்குப் பதில் அரைவட்டங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வோர் அரைவட்டத்தின் நடுவிலும் பொட்டு வைத்ததுபோல ஒரு சின்ன உருளைக் குச்சி. சார்லஸ் நாப் என்ற அமெரிக்கர் 1867-இல் காப்புரிமை வாங்கிய முறை இது. டவ்டெயிலை அறுக்க நல்ல இயந்திரம் வருவதற்கு முன்னால், இயந்திரத்தால் சுலபமாகச் செய்யக்கூடிய வேறு இணைப்பாக இதைக் கண்டுபிடித்தார். 1870-களில் பரவியது. டவ்டெயில் இயந்திரங்கள் தேறியதும் 1900-ஐ ஒட்டி மறைந்தும் போனது. இந்த மூலையைப் பார்த்தால் ‘வட அமெரிக்கா, 1870 முதல் 1900 வரை’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இவ்வளவு துல்லியமாகத் தேதி சொல்லும் சாட்சி இந்தத் துறையில் அபூர்வம்.

இப்போது இழுப்பறையைக் கவிழ்த்து, டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடியுங்கள். மேடுபள்ளங்களின் நிழல் விழும். கை ரம்பம் விட்ட கோடுகள் நேராக இருந்தாலும் இடைவெளியும் சாய்வும் மாறிக்கொண்டே போகும். வளைந்த, வில் போன்ற கோடுகள் தெரிந்தால் வட்ட ரம்பம். அது மரம் அறுப்பில் பரவியது சுமார் 1830-க்குப் பிறகு. கையால் இழைத்த பலகை பார்வைக்குச் சமமாகத் தெரிந்தாலும் விரல் நுனியால் தடவினால் மெல்லிய அலைகள் தட்டுப்படும். இழைப்புளியின் பிளேடு ஓரங்களில் லேசாக வளைந்திருப்பதால் வருவது அது.

கைப்பிடிகளையும் மறக்க வேண்டாம். முன்பலகையின் உள்பக்கத்தில் இப்போதைய கைப்பிடிக்குத் தேவையில்லாத துளைகள், அடைத்த துளைகள் இருந்தால் கைப்பிடி மாறியிருக்கிறது. வெளிப்பக்கம் பழைய பித்தளைத் தகட்டின் வடிவம் நிழல் போலப் படிந்திருக்கும். கைப்பிடி மாறியது பெரிய குற்றமில்லை, ஆனால் விலையைக் கொஞ்சம் குறைக்கும். வெளியே இரண்டு துளை, உள்ளே நான்கு துளை என்று கணக்கு உதைத்தால் முன்பலகைமேல் புது வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, ஒட்டியிருக்கலாம். அது பெரிய விஷயம்.

ஆணியும் ஸ்க்ரூவும்

18-ஆம் நூற்றாண்டு முடியும்வரை ஆணிகள் கொல்லர் கையால் அடித்தவை. தலையில் சுத்தியல் பட்ட முகப்புகள் தெரியும், உடல் சதுரமாக இருந்து நான்கு பக்கமும் குறுகும். 1790-களில் இரும்புத் தகட்டிலிருந்து இயந்திரத்தால் வெட்டிய ஆணிகள் வந்தன. இவை இரண்டு பக்கம் மட்டும் குறுகும். இன்று நாம் பார்க்கும் உருண்டைக் கம்பி ஆணி 1890-களில்தான் ஆட்சிக்கு வந்தது.

ஸ்க்ரூ இதைவிட நல்ல சாட்சி. பழைய கை ஸ்க்ரூவின் தலையில் உள்ள வெட்டு நடுவில் இருக்காது, மரை கோணல்மாணலாக ஓடும், முனை மழுங்கி இருக்கும். முனை கூரான இயந்திர ஸ்க்ரூ 1840-களின் பிற்பகுதியில் வந்தது. நட்சத்திரத் தலை ஸ்க்ரூ 1930-களில். 18-ஆம் நூற்றாண்டு மேசையில் நட்சத்திரத் தலை தெரிந்தால் உடனே பொய் என்று முடிவுகட்டவும் வேண்டாம். யாரோ தாத்தா ஆடும் காலை இறுக்கியிருக்கலாம். அந்த ஸ்க்ரூ பிறந்ததிலிருந்தே அங்கே இருக்கிறதா, பிறகு வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. துளையைச் சுற்றிய மரம் இரும்புக்கறை பட்டுக் கருத்திருக்கிறதா, பக்கத்தில் பழைய துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

வயதைக் கணிக்கும் விதியும் இதிலிருந்தே வருகிறது. மொத்தச் சாமானிலும் முதலிலிருந்தே இருக்கும் உறுப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் எது மிகப் புதுசோ அதைவிட அந்தச் சாமான் பழையதாக இருக்க முடியாது. ஒன்பது சாட்சி 1780 என்று சொல்லி, மாற்றப்படாத பத்தாவது சாட்சி 1860 என்று சொன்னால் விடை 1860.

மரம் தானே சொல்லும் சாட்சி

மரம் நாரின் நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை. குறுக்குவாக்கில் சுருங்கிக்கொண்டே போகும். அதனால் வட்டமாகச் செய்த பழைய மேசை இன்று சுத்தமான வட்டமாக இருக்காது. நாரின் திசையில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை டேப் பிடித்துப் பாருங்கள். ஒரு மீட்டர் மேசை என்றால் சில மில்லிமீட்டர், சமயத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட வித்தியாசம் வரும். கடைசல் பிடித்த கால்களும் இப்படித்தான் லேசாக நீள்வட்டம் ஆகியிருக்கும். திடமான பலகையில் செய்த மேசை எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு என்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

தேய்மானத்தை அளக்கக் கருவி வேண்டாம், உட்கார்ந்து பார்த்தால் போதும். நாற்காலியில் உட்காருங்கள். கால் தானாக எங்கே போய்ப் படுகிறதோ அந்தக் குறுக்குக்கட்டை தேய்ந்திருக்க வேண்டும். கை எங்கே பிடிக்கிறதோ அங்கே பளபளக்க வேண்டும். இழுப்பறை ஓடும் சட்டம் குழிந்திருக்க வேண்டும். யார் கையும் காலும் படாத இடத்தில் அழகாகத் தேய்ந்திருந்தால் அதைத் தேய்த்தது காலமில்லை, உப்புத்தாள்.

உளுத்த மரத்திலும் ஒரு சூட்சுமம். வண்டு வெளியேறும் துளை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வட்டம்தான், அதற்குள் புழு குடைந்த பாதை வளைந்து நெளிந்து போகும். வட்டத் துளைகள் இருப்பது இயல்பு. மேற்பரப்பில் பாதையே வாய்க்கால் போலத் திறந்து கிடந்தால், ஏற்கெனவே உளுத்துப்போன பழைய மரத்தை வாங்கிவந்து அதை அறுத்துப் புதுச் சாமான் செய்திருக்கிறார்கள். மரம் பழசுதான், மேசை புதுசு. துளையிலிருந்து வெளிர் நிறத்தில் புதுத் தூள் உதிர்ந்தால் வேறு பிரச்சினை: பூச்சி இன்னும் குடியிருக்கிறது. மற்றச் சாமான்களோடு சேர்த்து வைக்காதீர்கள்.

எந்த மரம் என்பதும் காலத்தைச் சுட்டும். இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஓக்தான் ராஜா. பிறகு வால்நட். 1709-இன் கொடுங்குளிரில் ஐரோப்பாவின் வால்நட் மரங்கள் ஏராளமாகச் செத்தன. 1721-இல் பிரிட்டன் தன் அமெரிக்கக் காலனிகளிலிருந்து வரும் மரத்துக்கு வரியை எடுத்தது. அதோடு மஹோகனி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. ஆகவே ‘1690 இங்கிலாந்து மஹோகனி அலமாரி’ என்று யாராவது காட்டினால் கொஞ்சம் நிதானியுங்கள்.

மேல்பூச்சை ஒரு துளியில் சோதிக்கலாம். அரக்குப் பூச்சு ஆல்கஹாலில் கரையும். கண்ணுக்குத் தெரியாத மூலையில் பஞ்சில் தொட்டு வைத்தால் பிசுபிசுக்கும். பிரெஞ்ச் பாலிஷ் எனப்படும் அந்த அரக்கு மெருகு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் 1920-களில் வந்தது. பூச்சு புதுசு என்பதற்காக மரமும் புதுசாக இருக்க வேண்டும் என்றில்லை, மறுபடி பூசியிருக்கலாம்.

முத்திரை, லேபிள், கலப்பு, போலி

பெயர் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. ஆனால் கிடைப்பது அபூர்வம். பாரிஸில் 1743-இல் வந்த விதிப்படி தச்சர்கள் தங்கள் பெயரைச் சூட்டுக்கோலால் பதிக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்காலத்தில், 1791-இல், கைவினைஞர் சங்கங்களோடு அந்த வழக்கமும் போனது. இங்கிலாந்தில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. சிப்பன்டேல் தன் சாமான்களில் பெயர் பதிப்பதில்லை. அவருடையது என்று உறுதியாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் பெரிய வீடுகளில் தங்கிப்போன ரசீதுகளால்தான் நிரூபணம் ஆகின்றன. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா சொன்னது 1891-இலிருந்து.

பெயர் இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வியன்னாவின் தோனெட் நிறுவனம் வளைத்த மரத்தால் செய்த 14-ஆம் எண் நாற்காலி 1859-இல் வந்தது. 6 மரத்துண்டு, 10 ஸ்க்ரூ, 2 நட்டு, அவ்வளவுதான். 1869-இல் காப்புரிமை முடிந்ததும் மற்றவர்களும் அதே நாற்காலியைச் செய்தார்கள். தோற்றம் ஒன்றுதான், இருக்கைச் சட்டத்தின் உள்பக்கம் இருக்கும் முத்திரையோ லேபிளோதான் பிரித்துச் சொல்லும்.

சந்தையில் முழுப் போலியைவிட அதிகம் கிடைப்பது கலப்பு. கல்யாணம் என்று வியாபாரிகள் கிண்டலாகச் சொல்வார்கள். ஒரு மேசையின் கீழ்ப்பாதி, வேறொரு அலமாரியின் மேல்பாதி, இரண்டையும் சேர்த்து உயரமான புத்தக அலமாரி. இரண்டு பாதியின் முதுகுப் பலகையும் ஒரே மரமா, டவ்டெயில் ஒரே கையா, மேல்பாதி உட்காரும் இடத்தில் கீழ்ப்பாதியின் மேற்பரப்பு மெருகில்லாமல் கரடாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பளபளவென்று வெனீர் ஒட்டி முடித்திருந்தால், ஒரு காலத்தில் அது தனியாக நின்ற சாமான்.

முழுப் போலிக்கு ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. அமெரிக்கச் சிற்பி அர்மாண்ட் லாமொன்டேன், நிபுணர்களை ஏமாற்ற முடியும் என்று காட்டவே 1969-இல் 17-ஆம் நூற்றாண்டு பாணியில் ஒரு நாற்காலியைச் செய்து, அதை அடித்துப் புகைபோட்டுப் பழசாக்கிச் சந்தையில் விட்டார். ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 1970-இல் 9,000 டாலருக்கு அதை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. 1977-இல் அவரே விஷயத்தை வெளியே சொன்னார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது மரத்துக்குள் இருந்த துளைகள் நவீன ட்ரில் போட்டவை என்று தெரிந்தது. அருங்காட்சியகம் அதைத் தூக்கி எறியவில்லை, போலியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கும் பாடமாக வைத்துக்கொண்டது.

சரி, விலை என்ன?

முதலில், ஒரு சாமானுக்கு ஒரே விலை கிடையாது. தொலைந்தால் அதேபோல ஒன்று வாங்க ஆகும் காப்பீட்டு மதிப்பு பொதுவாக அதிகம். ஏலத்தில் விற்றால் வருவது அதைவிடக் குறைவு. வியாபாரி உங்களிடம் வாங்கும் விலை இன்னும் குறைவு, அவருக்கும் வாடகை இருக்கிறது. ‘இதன் மதிப்பு இவ்வளவு’ என்று யாராவது சொன்னால் எந்த மதிப்பு என்று கேளுங்கள். ஏலத்தில் சுத்தியல் தட்டும் தொகைக்குமேல் வாங்குபவர் கமிஷன் கட்டுவார், விற்பவருக்குத் தனிக் கழிவு. செய்தியில் வரும் தொகை பெரும்பாலும் கமிஷனும் சேர்ந்தது.

ஒப்பிட வேண்டியது விற்று முடிந்த விலையை. இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை அவருடைய ஆசை மட்டுமே.

வயதுக்கும் விலைக்கும் நேர்த் தொடர்பு இல்லை என்பதுதான் புதியவர்களுக்கு ஜீரணிக்கக் கடினம். அயர்லாந்தில் பிறந்த வடிவமைப்பாளர் ஐலீன் கிரே 1917 முதல் 1919 வரையிலான காலத்தில் வடிவமைத்த டிராகன் நாற்காலி 2009-இல் பாரிஸ் ஏலத்தில் 2 கோடியே 19 லட்சம் யூரோவுக்குப் போனது. அப்போது அதற்கு நூறு வயதுகூட ஆகவில்லை, கணக்குப்படி ஆன்டிக்கே இல்லை. மறுபக்கம், 18, 19-ஆம் நூற்றாண்டின் நல்ல மஹோகனி அலமாரிகள் இந்த நூற்றாண்டில் விலை சரிந்து கிடக்கின்றன. வீடுகள் சிறியவையாகிவிட்டன, ரசனையும் மாறிவிட்டது. பிரம்மாண்டமான அலமாரி மாடிப்படி ஏறாது, எனவே மலிவு. அதே காலத்துச் சின்னப் பக்கமேசைக்குப் போட்டி. நாற்காலி என்றால் எட்டு சேர்ந்த தொகுப்பு, தனி நாற்காலியின் எட்டு மடங்கைவிட அதிகம் போகும்.

விலையை உண்மையில் தூக்குவது மாற்றப்படாத நிலையும், யாரிடம் இருந்தது என்ற ஆவணமும். அமெரிக்காவின் நியூபோர்ட்டில் 1760-களில் நிக்கலஸ் பிரவுன் என்ற வணிகருக்காகச் செய்த மேசை-அலமாரி இருநூறு வருடத்துக்குமேல் அந்தக் குடும்பத்திலேயே இருந்தது. 1989-இல் 1 கோடியே 21 லட்சம் டாலருக்கு விற்றது. இன்னொரு பக்கம், ஒரு பெண்மணி பழைய பொருள் விற்பனையில் 25 டாலருக்கு வாங்கிய சீட்டாட்ட மேசையில் பாஸ்டனின் ஜான் சீமோர் பட்டறை லேபிள் இருந்தது. 1998-இல் அது ஏலத்தில் 5,41,500 டாலருக்குப் போனது.

கையில் பழைய சாமான் இருந்து, மதிப்புத் தெரியவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துப் புதுசாக்கினால் நூறு வருட மேற்பரப்பு ஒரு மதியத்தில் போய்விடும், பணத்தால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பித்தளையைப் பளபளக்கத் தேய்ப்பதும் அப்படித்தான். உலர்ந்த மென்துணி போதும். வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் மரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சர்வதேச வணிகத்தில் கடும் கட்டுப்பாட்டில் இருக்கிறது, வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள். தந்தம் பதித்தது என்றால் இன்னும் சிக்கல்.

மதிப்பீட்டாளருக்குப் படம் அனுப்பும்போது பெரும்பாலானவர்கள் முகப்பை மட்டும் ஆறு கோணத்தில் எடுத்து அனுப்புகிறார்கள். முகப்பு ஒன்று போதும். இழுப்பறை மூலை, அதன் அடி, முதுகுப் பலகை, ஒரு ஸ்க்ரூவின் தலை, காலின் அடிப்பாகம், ஏதாவது எழுத்தோ முத்திரையோ இருந்தால் அது, கூடவே நீள அகல உயரம். பழைய ரசீது, சாமான் பின்னணியில் தெரியும் குடும்பப் புகைப்படம் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு மதிப்புச் சொல்பவரையே தேடுங்கள். மதிப்பும் சொல்லி, ‘நானே வாங்கிக்கொள்கிறேன்’ என்றும் சொல்பவரிடம் இன்னொருவரைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.